இடது காலுக்கு விடுதலை

நெரிசலில் நொந்துபோன இந்தியக் கார்க்காரர்கள் கிளட்ச்சுக்கு விடை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. எதை வாங்குகிறோம் என்று தெரியாமலே பணத்தைக் கட்டுபவர்கள்தான் அதிகம்.

மாலை 6 மணி. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு. வண்டிகள் இரண்டு அடி நகர்கின்றன, நிற்கின்றன. மறுபடி இரண்டு அடி. ஒவ்வொரு நகர்வுக்கும் கிளட்ச்சை மிதித்து, முதல் கியரைப் போட்டு, பாதி கிளட்ச்சில் ஊர்ந்து, மீண்டும் மிதித்து நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். வீடு போய்ச் சேர்வதற்குள் இந்தச் சடங்கு சில நூறு முறை நடந்துவிடும். வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்க, இடது காலுக்கு ஒரே வேலை: மிதிப்பது.

நெதர்லாந்தின் டாம்டாம் நிறுவனம் 2024ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி, பெங்களூரில் 10 கி.மீ. தூரத்தைக் கடக்க சராசரியாக 34 நிமிடங்கள் 10 விநாடிகள் ஆகின. கொல்கத்தா இன்னும் மோசம்: 34 நிமிடங்கள் 33 விநாடிகள். புனேயில் 33 நிமிடங்களுக்கு மேல். நல்ல சைக்கிள்காரர் ஒருவர் இந்த மூன்று ஊர்களிலும் காருக்குச் சமமாக மிதித்து வந்துவிடுவார்.

இந்த வேகத்தில் ஊர்கிறவர்களிடம் போய் "கையால் கியர் போட்டு ஓட்டுவதில் உள்ள சுகமே தனி" என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இந்த வாதம் கிளம்புகிறது. கியர் காரா, ஆட்டோமேட்டிக்கா? ஆட்டோமேட்டிக் என்றால் ஏ.எம்.டி.யா, சி.வி.டி.யா? மலை ஏறுமா, மைலேஜ் தருமா, ரிப்பேர் என்று வந்தால் யார் பார்ப்பார்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதைத்தான் ஷோரூமில் யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் கியர் என்பது நெடுங்காலம் கார் முதலாளியின் பிரச்சினையாகவே இருக்கவில்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் பல பத்தாண்டுகள் கியர் கம்பி ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் முன்சீட்டில் மூன்றாவது ஆளையும் திணிக்க முடிந்தது. அது தனிச் சௌகரியம். கனமான அந்தக் கிளட்ச்சை மிதிப்பதற்குச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர் இருந்தார். முதலாளி பின்சீட்டில் நாளிதழ் படித்துக்கொண்டு வந்தார். டிரைவரின் முழங்காலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கூடுதல் பணம் கொடுத்து அவருக்கு ஓய்வு வாங்கித் தரவேண்டிய அவசியமும் யாருக்கும் தோன்றவில்லை.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்தக் கதையை மெல்ல மாற்றியது. சின்ன கார், லேசான கிளட்ச். குடும்பத் தலைவர் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு மனைவி, மகள், மகன். கால் அவர்களுடையது ஆனபோதுதான் வலியும் அவர்களுடையது ஆனது.

ஆனாலும் ஆட்டோமேட்டிக் உடனே பிடிபடவில்லை. 1990களின் பிற்பகுதியில் மாருதி ஜென் காரில் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. பிறகு ஹூண்டாய் சான்ட்ரோவிலும் வந்தது. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். காரணம் சுலபம். விலை கூடுதல், இழுவை குறைவு, பெட்ரோல் செலவு அதிகம். அந்தக் கால ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய்தான் பாலம். அந்த எண்ணெயைக் கலக்குவதிலேயே சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். கியரும் மூன்றே. லிட்டர் கணக்குப் பார்க்கும் நாட்டில் இது தேறுமா? "ஆட்டோமேட்டிக் பெட்ரோலைக் குடிக்கும்" என்ற பேச்சு அப்போது பிறந்தது. அன்று அது உண்மை. சொல்லப்போனால், இன்று அந்தப் பேச்சு மட்டுமே மிச்சம்.

2014 பிப்ரவரியில் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்த வாகனக் கண்காட்சியில் மாருதி சுசுகி, செலேரியோ என்ற சிறிய காரை அறிமுகப்படுத்தியது. பார்க்க அப்படியொன்றும் அசத்தும் கார் இல்லை. ஆனால் அதில் கிளட்ச் பெடல் இல்லாத ஒரு மாடலும் இருந்தது. கியர் மாடலைவிடச் சுமார் 40 ஆயிரம் ரூபாய்தான் அதிகம். நிறுவனம் சொன்ன மைலேஜ் இரண்டுக்கும் ஒன்றே: லிட்டருக்கு 23.1 கி.மீ. விலை, மைலேஜ் என்ற இரண்டு தடைச் சுவர்களும் ஒரே நாளில் விழுந்தன.

இதில் இருந்த தந்திரம் எளிமையானது. செலேரியோவுக்குள் புதிய கியர் பாக்ஸ் எதுவும் இல்லை. பழைய கியர் பாக்ஸ், பழைய கிளட்ச், எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் கம்ப்யூட்டர் சொல்படி இயங்கும் ஒரு கருவி உட்கார வைக்கப்பட்டது. டிரைவரின் இடது காலும் இடது கையும் செய்த வேலையை அது செய்தது. இதற்குப் பெயர்தான் ஏ.எம்.டி. கருவியைக் கொடுத்தது இத்தாலியின் மாக்னெட்டி மாரெல்லி. இந்த ஏழைகளின் ஆட்டோமேட்டிக்கின் பரம்பரையைத் தோண்டினால் ஃபெராரி வருகிறது! 1989ல் ஃபெராரியின் பார்முலா ஒன் கார் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த இரண்டு நெம்புகோல்களால் கியர் மாற்றும் ஏற்பாட்டுடன் களமிறங்கி, நைஜல் மான்செல் ஓட்ட, பிரேசிலில் முதல் பந்தயத்திலேயே வென்றது. 1997ல் அது ஃபெராரியின் சாலைக் காருக்கு வந்தது. அந்த நுட்பத்தை வளர்த்ததில் பங்கு கொண்ட நிறுவனம்தான் மாக்னெட்டி மாரெல்லி. கோடீஸ்வரர்களின் அவசரத்துக்காகப் பிறந்த வித்தை, கடைசியில் ஆபீஸ் போகிறவர்களின் நிதானத்துக்குப் பயன்பட்டது.

அடுத்த ஆண்டே டாடா நானோவிலும் ஏ.எம்.டி. வந்தது, 3 லட்சம் ரூபாய்க்கும் குறைவான விலையில். நானோ தேறவில்லை. ஏ.எம்.டி. தேறியது. இன்று சின்ன கார்களில் அதைப் பார்க்காத வரிசையே இல்லை. செலேரியோ வந்த அதே 2014ன் மே மாதத்தில்தான் கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது.

ஏ.எம்.டி.யில் ஒரு குறை உண்டு. ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். கியர் மாறும் அந்த ஒரு கணம் எஞ்சின் சக்தி அறுந்து, பிறகு ஒட்டுகிறது. உள்ளே இருப்பவர்களின் தலை லேசாக முன்னால் போய்ப் பின்னால் வருகிறது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால் ஐந்து பேரும் ஆமோதிப்பதுபோல் தலையாட்டுவார்கள். வேகமாக ஒரு லாரியைத் தாண்ட நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இந்தத் தயக்கம் எரிச்சலாக இருக்காது, பயமாக இருக்கும். பழகியவர்கள் கியர் மாறும் நேரத்தை ஊகித்து காலைக் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கிறார்கள். கிளட்ச் இல்லாத காரிலும் கால் கற்றுக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

இந்தத் தலையாட்டலே இல்லாத இயந்திரம் சி.வி.டி. அதில் கியர்களே கிடையாது. அகலம் மாறக்கூடிய இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். ஒரு கப்பி விரிய மற்றது சுருங்கும். முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிக்கட்டுக்குப் பதிலாகச் சரிவுப் பாதை. எஞ்சின் தனக்கு வசதியான வேகத்தில் நின்றுகொள்ள, கப்பிகள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நெரிசலில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போகும்.

சி.வி.டி.யைக் கண்டால் இந்தியர்களுக்கு ஒரு சந்தேகம். "பெல்ட்டில் ஓடும் கார் எத்தனை நாள் தாங்கும்?" என்பார்கள். கேட்பவர் அநேகமாக ஒரு ஸ்கூட்டரில் வந்து இறங்கியிருப்பார். 1984ல் வந்த கைனடிக் ஹோண்டா முதல் 2001ல் வந்த ஆக்டிவா வரை, கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது இதே கப்பியும் பெல்ட்டும்தான். இந்தியா சி.வி.டி.யை ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிறது. அதன் பெயர் தெரியாது, அவ்வளவுதான். பஜாஜ் சேத்தக்கின் கைப்பிடியைத் திருகிக் கியர் போட்ட தலைமுறை, ஆக்டிவாவுக்கு மாறியபோது யாரும் "ஓட்டும் சுகம் போச்சே" என்று அழவில்லை.

கார்களில் இதை முதலில் சாதித்தவர்கள் டச்சுக்காரர்கள். ஐந்தோவன் நகரின் டாஃப் நிறுவனம் 1958ல் ரப்பர் பெல்ட்டில் ஓடும் சிறு காரைக் காட்டியது. முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகக்கூடிய கார் அது. கப்பிக்கு எந்தப் பக்கம் என்று பேதம் ஏது? டச்சுக்காரர்கள் அதை வைத்து ரிவர்ஸ் பந்தயமே நடத்தினார்கள். பின்னர் ரப்பருக்குப் பதில் எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட் வந்தது. பந்தயக்காரர்களும் விடவில்லை. 1993ல் வில்லியம்ஸ் அணி தன் பார்முலா ஒன் காரில் சி.வி.டி. பொருத்தி, டேவிட் கூல்த்தார்ட் போன்றவர்களை வைத்துச் சோதித்தது. 1994 விதிகள் அதைத் தடை செய்துவிட்டன. ஆகவே சி.வி.டி. சோம்பேறிகளின் கியர் என்று சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் குற்றச்சாட்டு முழுப் பொய்யும் அல்ல. சி.வி.டி. காரில் ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்தினால் முதலில் எஞ்சின் கத்துகிறது, பிறகுதான் கார் ஓடுகிறது. ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் சத்தம் முன்னே, வேகம் பின்னே. மெதுவாக அழுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. ஹோண்டா நிறுவனம் இந்தியாவில் சி.வி.டி.யுடன் நீண்ட உறவு கொண்டது. சிட்டி காரில் 2000களின் முற்பகுதியிலேயே கொடுத்தது, நடுவில் 2008 மாடலில் கைவிட்டது, 2014ல் திரும்ப எடுத்துக்கொண்டது. 2018ல் அமேஸ் டீசலிலும் பொருத்தியது. மாருதி கதை நேர் எதிர். 2015ல் பலேனோவில் சி.வி.டி. கொடுத்த அந்த நிறுவனம், 2022 பலேனோவில் அதை எடுத்துவிட்டு ஏ.எம்.டி.யை வைத்தது. தரத்தில் ஒரு படி இறக்கம், விலையில் ஒரு படி இறக்கம். வாங்குபவர்கள் இரண்டாவதைத்தான் பார்ப்பார்கள் என்று மாருதி கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு தப்பவில்லை. 2024 ஜூனில் ஆல்டோ முதல் பலேனோ வரை தன் ஏ.எம்.டி. மாடல்களின் விலையில் இன்னும் 5 ஆயிரம் ரூபாய் குறைத்தது.

மைலேஜ் விஷயத்தில் இப்போது தலைகீழான ஒரு நிலைமை. ஹோண்டா சிட்டி பெட்ரோலில் நிறுவனம் சொல்லும் கணக்கு, கியர் மாடலுக்கு லிட்டருக்கு 17.8 கி.மீ., சி.வி.டி.க்கு 18.4. 2024ல் வந்த ஸ்விஃப்ட்டில் கியர் மாடலுக்கு 24.8, ஏ.எம்.டி.க்கு 25.75. ஆட்டோமேட்டிக் பெட்ரோலைக் குடிக்கிறதா, மிச்சம் பிடிக்கிறதா?

இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லலாம். இந்த எண்கள் சோதனைச் சாலையில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி எடுக்கப்படுபவை. எந்த விநாடியில் எவ்வளவு வேகம் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட பாடம் அது. அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. கியர் கார் எந்த இடத்தில் எந்தக் கியருக்கு மாற வேண்டும் என்பதும் பாடத்திலேயே உண்டு. கம்ப்யூட்டரோ தனக்குச் சிக்கனமான இடத்தில் மாற்றிக்கொள்கிறது. அந்தப் பாடத்தில் சில்க் போர்டு சந்திப்பு கிடையாது. சாலைக்கு வந்த பிறகு, நிதானமாக ஓட்டத் தெரிந்த மனிதர் இயந்திரத்தை ஜெயிக்கலாம், அவசரக்காரர் தோற்பார். கம்ப்யூட்டருக்குக் கோபம் வருவதில்லை என்பது அதற்குச் சாதகம்.

மூன்றாவது இயந்திரம் டி.சி.டி. எனப்படும் இரட்டை கிளட்ச். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களையும் மற்றொன்று 2, 4, 6 கியர்களையும் பிடித்துக்கொள்ளும். ஒரு கை விடுமுன் மறு கை பிடித்துவிடுவதால் சக்தி அறுவதே இல்லை. நெடுஞ்சாலையில் இதைப்போல் சுகம் கிடையாது. 2003ல் ஃபோக்ஸ்வாகன் இதைக் கோல்ஃப் காரில் கொண்டுவந்தபோது கார் உலகம் கைதட்டியது.

பிறகு வெயிலும் நெரிசலும் அதைச் சோதித்தன. எண்ணெயில் நனையாத, உலர்ந்த கிளட்ச் கொண்ட வகை, ஊர்ந்துகொண்டே இருந்தால் சூடேறும். 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி ஃபோக்ஸ்வாகனின் டி.எஸ்.ஜி. பற்றிய புகார்களை ஒளிபரப்பியது. சில நாட்களில் அந்த நிறுவனம் சீனாவில் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் நின்று நின்று ஓடும்போது மின்கோளாறு வரலாம் என்று, உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் கார்களில் கியர் எண்ணெயை மாற்றும்படி ஆனது. வெப்பம், ஈரம், நின்று நின்று ஓடுவது... இந்தியாவின் எந்த ஊருக்கும் பொருந்தும் வர்ணனை.

ஃபோர்டு பட்டபாடு இன்னும் அதிகம். பவர்ஷிஃப்ட் என்ற அதன் இரட்டை கிளட்ச் பற்றி வந்த புகார்களைக் கையாண்ட விதம் நியாயமற்றது என்று 2018ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நாட்டு ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான எக்கோஸ்போர்ட் 2013ல் இந்தியாவில் பவர்ஷிஃப்ட்டுடன்தான் வந்தது. 2017ல் புதுப்பிக்கப்பட்டபோது சத்தமில்லாமல் பழைய பாணி டார்க் கன்வர்ட்டருக்கு மாறியது.

அந்தப் பழைய பாணிதான் நான்காவது. எண்ணெய்ப் பாலம் கொண்ட, 'ஆட்டோமேட்டிக்' என்ற பெயரை உலகுக்குக் கொடுத்த மூத்த அண்ணன். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905ல் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்த தத்துவம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ரமேட்டிக் என்ற பெயரில் காருக்கு வந்து, இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளிலும் உழைத்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஏர்ல் தாம்சன். கையால் கியர் போடுவதைச் சுலபமாக்கிய சிங்க்ரோமெஷ்ஷை 1928ல் காடிலாக் காருக்குத் தந்தவரும் அவரேதான்! இன்று உலகம் எதை எதிர் எதிர்த் துருவங்கள் என்று வாதிடுகிறதோ, அவை இரண்டையும் ஒரே மனிதர் செய்திருக்கிறார்.

மூன்று கியர் இன்று ஆறாகவும் எட்டாகவும் வளர்ந்துவிட்டது. வேகமெடுத்தபின் எண்ணெயை விட்டு நேரடியாகப் பூட்டிக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. இழுவை மிகுந்த டீசல் எஞ்சின்களுக்கு இதைப்போல் பொருத்தம் வேறு இல்லை. மகிந்திராவின் பெரிய வண்டிகளும் டொயோட்டா ஃபார்ச்சூனரும் இதைத்தான் நம்புகின்றன. விலை அதிகம், பெட்ரோல் பங்க்கிலும் கொஞ்சம் அதிகம். ஆனால் அடி தாங்கும்.

குழப்பத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவைப் பார்க்கலாம். 2024 கிரெட்டாவைச் சாதாரண பெட்ரோல் எஞ்சினுடன் எடுத்தால் கியர் அல்லது ஐ.வி.டி. பின்னது சி.வி.டி.யேதான், பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. டர்போ பெட்ரோல் என்றால் டி.சி.டி. டீசல் என்றால் டார்க் கன்வர்ட்டர். ஒரே கார், ஒரே தோற்றம், 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல், உள்ளே மூன்று வெவ்வேறு சாமான்கள். பெட்ரோல் கியர் மாடல் லிட்டருக்கு 17.4 கி.மீ., ஐ.வி.டி. 17.7. டீசலிலோ கியர் 21.8, ஆட்டோமேட்டிக் 19.1. ஆட்டோமேட்டிக் சிக்கனமா, செலவாளியா என்ற கேள்விக்கு ஒரே காரில் இரண்டு விடைகள். நிறுவனங்களோ ஏ.ஜி.எஸ்., டி.சி.ஏ., ஐ.வி.டி. என்று ஆளுக்கொரு பெயர் சூட்டிக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. டொயோட்டாவின் ஹைபிரிட் கார்களில் 'இ-சி.வி.டி.' என்று எழுதியிருக்கும். அதில் பெல்ட்டும் கிடையாது, விரியும் கப்பியும் கிடையாது. இரண்டு மோட்டார்களும் ஒரு பல்சக்கரத் தொகுதியும்தான்.

எந்தச் சாமான் என்று தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல். முன்னால் இருக்கும் கார் நகர இரண்டு நிமிடம் ஆகும். பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடி காரைப் பின்னால் உருளாமல் நிறுத்திவைப்பது பலருடைய வழக்கம். டார்க் கன்வர்ட்டரில் எண்ணெய்தான் சூடாகும், அதுவும் தாங்கிக்கொள்ளும். ஏ.எம்.டி.யிலும் உலர் டி.சி.டி.யிலும் கிளட்ச் தேய்ந்து எரியும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மிதிக்கும் கால் அவருடையது அல்ல. கியர் காரில் கிளட்ச் வாசனை வந்தால் யார் குற்றவாளி என்று உடனே தெரியும்.

இன்னொன்று. பெரும்பாலான ஏ.எம்.டி. கார்களில் 'பார்க்' என்ற நிலையே கிடையாது. மற்ற ஆட்டோமேட்டிக்குகளில் 'பி' போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏ.எம்.டி.யை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கையும் மறந்து இறங்கினால், சரிவில் கார் தானாகக் கிளம்பிவிடும். கியரில் வைத்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு இறங்க வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் இதை நிறுத்திச் சொல்லும் விற்பனையாளர் நல்ல மனிதர்.

ரிப்பேர் என்று வரும்போது வித்தியாசம் ரூபாயாக மாறுகிறது. ஏ.எம்.டி.யின் உடம்பு பழைய கியர் பாக்ஸ்தான். கிளட்ச் தட்டு மாற்றுவது தெரிந்த கையாலேயே ஆகும், கருவிப் பகுதிக்கு மட்டும் கம்ப்யூட்டர் வேண்டும். சி.வி.டி.க்கு அதற்கென்றே உள்ள எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும். மாற்றாமல் விட்டு பெல்ட் கெட்டால், முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்லும் வாய்ப்பே அதிகம். அமெரிக்காவில் நிசான் நிறுவனம் தன் பழைய சி.வி.டி. கார்களுக்கு உத்தரவாதத்தை 10 ஆண்டுகள், 1,20,000 மைல் என்று நீட்டிக்க வேண்டியிருந்தது. டி.சி.டி.யின் மூளைப் பகுதி போனால் பில் லட்சத்தைத் தொடும். உத்தரவாதம் முடிந்த கார் இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போகும்போது இந்தச் செலவும் கூடவே போகிறது. நான்கு லட்சம் கொடுத்துப் பழைய கார் வாங்கும் குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கியர் பாக்ஸ் என்பது சாதாரண அடி அல்ல.

இங்கேதான் கியர் கார் கட்சியின் வாதம் பலம் பெறுகிறது. சுகம், கட்டுப்பாடு என்று அவர்கள் சொல்வதில் பாதி ஏக்கம். ஆனால் நாக்பூருக்கும் ஜபல்பூருக்கும் நடுவே எங்காவது நின்றுபோனால், சாலையோரக் கொட்டகை மெக்கானிக் கையால் சரியாகக் கூடியது கியர் கார் மட்டும்தான் என்பது ஏக்கம் அல்ல. பேட்டரி தீர்ந்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளினால் வியர்வைதான் மிஞ்சும். 2020ல் ஹூண்டாய் வென்யூவில் ஐ.எம்.டி. என்ற விநோதம் வந்தது. கிளட்ச் பெடல் கிடையாது, ஆனால் கியரைக் கையால்தான் போட வேண்டும். காலுக்கு ஓய்வு, கைக்கு வேலை. இரண்டு கட்சிக்கும் நடுவே நின்று இருவரிடமும் நல்ல பெயர் வாங்கப் பார்த்த முயற்சி.

சட்டமும் இந்த வாதத்தில் விநோதமான நிலையில் நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இரு சக்கர வாகனத்துக்குக் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று தனித்தனி லைசென்ஸ். காருக்கு அப்படி எதுவும் இல்லை. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதியவர் கியர் காரைத் தொட முடியாது. இந்தியாவில் ஆட்டோமேட்டிக்கிலேயே ஓட்டிப் பழகியவரும் லைசென்ஸ் கையில் இருந்தால் நாளை ஒரு கியர் காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கலாம். இதன் மறுபக்கம், கியர் காரிலிருந்து மாறுபவர்கள். முதல் சில நாட்கள் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்ச்சைத் தேடும். கிடைப்பது அகலமான பிரேக் பெடல். கார் மூக்கு தரையில் இடிப்பதுபோல் நிற்கும், பின்னால் வருபவர் இடிப்பார். இடது காலை மடக்கி உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் அனுபவஸ்தர்கள் தரும் முதல் பாடம்.

சிலருக்கு இது ருசி சம்பந்தப்பட்ட விவாதமே அல்ல. இளம்பிள்ளைவாதத்தால் இடது கால் பலமிழந்தவர்கள் முன்பெல்லாம் கிளட்ச்சைக் கையால் இயக்கும் கம்பிகளைப் பட்டறையில் செய்து பொருத்தி, அதற்கு அனுமதி பெற அலைய வேண்டியிருந்தது. வலது கால் நன்றாக இருந்தால் கடையில் விற்கும் சாதாரண ஏ.எம்.டி.யே அவர்களுக்குப் போதும். மூட்டு தேய்ந்தபின் சாவியை மகனிடம் கொடுத்துவிட்ட ஓய்வூதியக்காரர்கள் பலர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் இப்படித்தான்.

ஆனால் ஒருவரிடம் மட்டும் இந்த விடுதலை வரவே இல்லை. நாளுக்கு 10, 12 மணி நேரம் அதே நெரிசலில் ஊரும் டாக்சி டிரைவர். அவர் ஓட்டுவது பெரும்பாலும் சி.என்.ஜி. கார். தொழிற்சாலையிலிருந்தே சி.என்.ஜி.யும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து வந்த முதல் இந்தியக் கார், டாடா டியாகோ, 2024 பிப்ரவரியில்தான் வந்தது. இடது கால் வலி யாருக்கு அதிகமோ அவருக்குக் கடைசியில்! அம்பாசடர் காலத்து நியாயம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பஸ் டிரைவர்களின் கதையும் அதுவே. பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2006ல் ஆட்டோமேட்டிக் வால்வோ பஸ்களை விட்டபோது அவை கட்டணம் கூடிய ஏ.சி. பஸ்கள். மற்ற பஸ்களின் டிரைவர்கள் ஆளுயரக் கியர் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு ஓய்வு வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறது. மின்சார மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு இழுவையும் உண்டு என்பதால் அநேக மின்சார வண்டிகளுக்கு ஒரே ஒரு கியர் போதும். கிளட்ச் இல்லை, கப்பி இல்லை, பெல்ட் இல்லை, ஏ.எம்.டி.யா சி.வி.டி.யா என்ற கேள்வியும் இல்லை. டில்லி, மும்பை, பெங்களூர் சாலைகளில் ஓடும் மின்சார பஸ்களிலும் டாக்சிகளிலும் டிரைவரின் இடது கால் சும்மா இருக்கிறது. ஹூண்டாய் நிறுவனமோ 2023ல் அயானிக் 5 என் என்ற வேகமான மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. அதில் ஒரு பொத்தானை அமுக்கினால், இல்லாத கியர்கள் மாறுவதுபோல் கார் குலுங்கும், இல்லாத எஞ்சின் உறுமும். அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.